மடியில் கிடப்பவன்

பதினொரு ஆண்டுகள் இன்னாசி என் மடியில் செத்தான்.
கொட்டாஞ்சேனை மண்டபத்தில், முகத்துவாரத்தில்,
ஒருமுறை வத்தளையில் மழைக்குள்,
தகரக் கூரை இரைய இரைய.
நான் அரசன்.
அவன் பகைநாட்டிலிருந்து வந்த தோழன்.
பழங்காப்பியத்தின் நியாயப்படி அவன் சாகவேண்டும்,
இல்லாவிட்டால் எனக்கு மூன்றாம் அங்கம் இல்லை.

"நீ வளர்றதுக்கு நான் சாகவேணும்,
நல்ல வியாபாரமடா மச்சான்" என்பான்
அரிதாரத்தைத் தேங்காயெண்ணெயால் துடைத்தபடி.
பிறகு ஜம்பட்டா வீதியில் கொத்து ரொட்டி.
செத்தவனுக்குத்தான் பசி அதிகம்.
முட்டை இரண்டு போடச் சொல்வான்.
காசு நான்.

மேடையில் அவன் சாவு பன்னிரண்டு நிமிடம்.
பிற்பாட்டுக்காரர் இழுத்தால் பதினைந்து.
நான் வானத்தை ஏசுவேன். வாளை முறிப்பேன்,
மட்டை வாள், ஒவ்வொரு முறையும் புதிது.
சாவே, உன் வீட்டு வாசல் எங்கே என்று கேட்டுக்
கடலின் விளிம்புவரை நடப்பேன்.
மேடையில் அது ஏழு எட்டு.
வெறுங்கையோடு திரும்பி
முறிந்த வாளின் பிடியால்
என் நகரத்துக்கு ஒரு கிணறு தோண்டுவேன்.
அதற்குப் பெயர் வளர்ச்சி. கைதட்டல்.

அந்தப் பன்னிரண்டு நிமிடமும் அவன்
உதடசையாமல் எனக்கு மட்டும் பேசுவான்.
"நாடிக்குக் கீழ மயிரை விட்டிட்டாய்.
ஒழுங்காச் சவரம் செய்யடா, அரசனல்லோ."
சிரிப்பை அடக்கி நான் குலுங்குவேன்.
முன்வரிசைப் பெண்கள் அதைப் பார்த்து அழுவார்கள்.

பெரியாஸ்பத்திரியில் அவனுக்கு
யாரும் பன்னிரண்டு நிமிடம் கொடுக்கவில்லை.
நான் பிளேன்ரீ வாங்கக் கீழே போயிருந்தேன்.
மிச்சக் காசுக்கு டொபி தந்தான் கடைக்காரன்,
வேண்டாமென்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.
மேலே வந்தபோது
கட்டிலைச் சுற்றித் திரை இழுத்திருந்தது.
எங்கள் திரையைவிட நல்ல துணி.

வானத்தை ஏச வாய் வரவில்லை.
ரெஜினாவுக்கு அழைப்பெடுத்தேன்,
பிறகு சவப்பெட்டிக்காரனுக்கு.
சிங்களத்தில் ஒரு படிவம். அதில்
உறவுமுறை கேட்ட இடத்தில் பேனையை வைத்தபடி
வெகுநேரம் நின்றேன்.
தாதி எட்டிப் பார்த்தாள். "யாளுவாத?"
தலையாட்டினேன். அவளே எழுதினாள்.

மாதம்பிட்டியில் புதைத்த அன்று
காலிமுகத்திடல்வரை நடந்தேன். ஏழு எட்டல்ல.
கடலின் விளிம்பில் ஒருவன் பட்டம் விற்றான்.
இஸ்ஸோ வடை வாசம்.
துறைமுகப் பக்கம் பாரந்தூக்கிகள்
யாருக்கும் தலை குனியாமல் நின்றன.
சாவின் வீட்டுக்கு வழி கேட்க
அங்கே எவருமில்லை.
எனக்குப் பசித்தது. வெட்கமாக இருந்தது.
ஆனாலும் பசித்தது.
முட்டை இரண்டு போடச் சொன்னேன்.

ஒரு வருடத்தின் பின் மறுபடி அதே கதை.
அரசன் வேஷத்தைச் சுங்கத்துப் பர்னபாசுக்குக் கொடுங்கள்,
நான் தோழனாகச் சாகிறேன் என்றேன்.
வயசு போய்விட்டது என்று நினைத்தார்கள்.
நினைக்கட்டும்.

முதல் ஒத்திகை. மடியில் கிடந்தேன்.
இங்கிருந்து பார்த்தால்
மின்விசிறி, ஒட்டடை, எரியாத ஒரு பல்ப்,
அரசனின் மூக்குத்துவாரம்.
அவன் வியர்வை நேரே என் காதுக்குள் விழுகிறது.
இன்னாசி இதை ஒருநாளும் சொன்னதில்லை.
பதினொரு ஆண்டும் காது நனைந்து கிடந்திருக்கிறான்.

பர்னபாஸ் வானத்தை ஏசுகிறான். நல்ல குரல்.
ஆனால் அத்தனை பெரிய சொற்களுக்கு நடுவே
அவன் தனியாக இருந்தான்.
அப்படியே விட மனம் வரவில்லை.
நாடிக்குக் கீழே, இடப்பக்கம்,
கத்தி தப்பவிட்ட நாலைந்து மயிர்.

உதடசையாமல் சொன்னேன்.