மடியில் கனம்

ஏழாம் வகுப்பில் ஈரியாவின் பை மட்டும்
ஆணியில் தொங்குவதில்லை.
மூன்று வருஷமாக அது அவள் மடியில்.
பின்னம் வகுக்கும்போதும்
மதியம் முட்டைக்கோஸ் சூப் குடிக்கும்போதும்.

மேற்கிலிருந்து காற்று திரும்பினால்
பென்சில் நின்றுவிடும்.
மூக்கு மட்டும் சன்னலுக்குப் போய்வரும்.
எனக்கு ஒன்றும் மணக்காது.
எரிந்த மலையில் தைலமரங்கள்
ஆளுயரம் தாண்டிவிட்டன.
ஊருக்கு அது பச்சை.
அவளுக்கு அது விறகு.

லிஸ்பனிலிருந்து சுற்றறிக்கை வந்தது:
மாணவரிடம் நம்பிக்கை ஊட்டும்படி பேசுக.
பேசினேன்.
காற்றாலை, சூரியத் தகடு, மரக்கன்று.
கஸ்பார் கையைத் தூக்கினான்:
"அந்தக் கன்று எரியிற அளவுக்கு வளர
எத்தனை வருஷம் ஆகும், சார்?"
கணக்கு வாத்தியார் நான்.
விடை தெரிந்தும் பலகையைத் துடைத்தேன்.

அந்த வியாழன் மழையில்லாமல் இடித்தது.
விளக்கு போனது.
பையில் என்ன என்று கேட்டேன்,
சோதனைக்காக இல்லை, தெரிந்துகொள்ள.
ஒவ்வொன்றாக மேஜையில் வைத்தாள்.
பூனையின் தடுப்பூசி அட்டை.
அம்மாவின் பழைய கண்ணாடி, இப்போது பார்வைக்குப் பொருந்தாது.
தினமும் காலையில் நனைத்து மடிக்கும் துண்டு.
ஒரு கரண்டி.
கரண்டி எதற்கு?
"அன்னிக்கு ராத்திரி கையில இருந்தது."

யாரோ சிரித்தார்கள்.
அவளும் சிரித்துவிட்டாள்.
கஸ்பார் சட்டைப்பையிலிருந்து
ஒரு நாய்வாரை எடுத்து வைத்தான். நாய் இல்லை.
ஃபிலிப்பா ஊரைவிட்டு வெளியேற
மூன்று வழிகளைச் சொன்னாள்,
மரம் விழுந்தால் எது அடைபடும் என்பதையும்.

என் முறை வந்ததை உணர்ந்தேன்.
"என் கார் எப்போதும் சாலையைப் பார்த்தே நிற்கும்.
பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்க விட்டதில்லை."
இருபது தலைகள் வாசல் பக்கம் திரும்பவேயில்லை.
"தெரியும் சார்" என்றாள் ஈரியா.

மடியில் கனமிருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள்.
இங்கே வழி முதலில் பயந்தது.
கனம் பிறகு வந்து
மடியில் உட்கார்ந்தது.

பின்னம் இன்னும் பாக்கி.

திங்களன்று பை தரையில் இருந்தது,
இரண்டு காலணிகளுக்கும் நடுவே,
பட்டை கணுக்காலில் ஒரு சுற்று சுற்றியபடி.
யாரும் எதுவும் சொல்லவில்லை.
செவ்வாய் காற்று திரும்பியது, பை மடிக்கு ஏறியது.
எழுதுவதை நிறுத்திவிட்டு
சன்னலை முழுதாகத் திறந்து
நானும் முகர்ந்தேன்.
"ரொட்டிக்கடை" என்றேன்.

கண்ணை மூடி நெடுநேரம் இழுத்துப் பார்த்தாள்.
"கருகின ரொட்டி" என்று
திருத்தினாள்.