ஆறு மில்லிமீட்டர்

கண்ணாடி மேசைமேல் உருட்டிப் பார்த்தேன்.
பழைய ஃபோர்க் குழாய்
முக்கால் சுற்று ஒழுங்காக வந்தது,
கடைசிக் காலில் எழும்பி
அடியில் நூலளவு வெளிச்சம் விட்டது.
அந்தக் குழாயும் என் இடது மணிக்கட்டும்
ஒரே நொடியில் வளைந்தவை:
கோல் சர்க்கரை ஆலைக்குப் போகும் சாலை,
மழை ஓய்ந்து பத்து நிமிஷம்,
திமிங்கிலம் என்று இங்கே பட்டப்பெயர் வைத்த
பெரிய கரும்பு லாரி
சிந்திவிட்டுப் போன ஒற்றைக் கரும்பு.
ஆலையின் எடைமேடையில் உட்காருகிறவள் நான்.
அந்த லாரியில் ஒரு கரும்பு குறைந்ததை
எந்தத் தராசும் எனக்குச் சொல்லியிருக்காது.

"சரிபண்ணு, விற்றுவிடலாம்" என்றான் பாஸ்கல்.
சரி என்றேன்.

தம்போனில் ஒருவன் விற்ற ஃபோர்க்.
அதே கம்பெனி, இரண்டு வருடம் பிந்திய மாடல்,
ஒன்பது மில்லிமீட்டர் குட்டை.
ஸ்டாண்டு கழுத்துக்கடியில்தான் முட்டுக்கொடுக்கும்;
கழுத்தையே கழற்றும்போது எதை முட்டுவது?
கராஜ் விட்டத்தில் லாரி பெல்ட் கட்டித்
தொங்கவிட்டோம், உரிக்க வைத்த ஆடுபோல.
புது பேரிங் வளையங்கள் ஃப்ரீசரில்,
பாஸ்கல் விலை சொல்லிச் சொல்லி
சேர்த்துவைத்த பிஷிக் மீன் டப்பாவுக்கு அடியில்.
இரவு முழுக்க விறைத்துச் சுருங்கியவை
காலையில் கழுத்துக்குள்
ஒரே தட்டில் இறங்கின.
மீன் வாசனை கொஞ்சம் இருக்கும்.
யார் கழுத்தில் இல்லை.

நட்டை அதிகம் இறுக்கினால்
வண்டி குடிகாரன்போல் இரு பக்கமும் தேடும்.
தளர்த்தினால்
ஒவ்வொரு பிரேக்குக்கும் டொக் என்று பதில் சொல்லும்.
ஹேண்டில் தன் எடையில் தானே
சாய்ந்து விழ வேண்டும், அவசரமில்லாமல்.

கழுத்தின் அச்சைத் தரைவரை நீட்டினால்
அது தொடுகிற இடம் ஒன்று.
டயர் தொடுகிற இடம் அதற்குப் பின்னால்,
நாலு விரல் அகலம், இன்னும் கொஞ்சம்.
அந்தப் பின்தங்கல்தான்
சக்கரத்தை நேரே இழுத்துவைக்கிறது.
குறைத்தால் சொன்னதும் திரும்பும்,
ரொம்பக் குறைத்தால்
சொல்லாததற்கும் திரும்பும்.
எங்கள் ஆலை மேலாளரிடம்
இதைச் சொல்லிப் பயனில்லை.

முதலில் பழைய கணக்கு:
கிளாம்புக்கு மேல் பத்து மில்லிமீட்டர் நீட்டல்.
சிலாவோஸ் ஏறினேன்.
கொண்டை ஊசி ஒவ்வொன்றும்
கேட்பதற்கு முன்பே தந்தது.
ஒருவழிக் குகையில் ஹாரன் அடித்தபோது
எனக்குச் சிரிப்பு வந்தது, ஹெல்மெட்டுக்குள், தனியாக.
இறங்கி வந்து
எத்தாங்-சலே நேர்ச்சாலையில் நூற்றுப்பதினைந்து.
ஹேண்டில் தலையாட்டியது,
முதலில் மாட்டேன் என்பதுபோல்,
பிறகு பேய் பிடித்ததுபோல்.
பிடியை இறுக்கினால் கூடும் என்று தெரியும்.
விரல்களைத் தளர்த்த
என் விரல்களே சம்மதிக்கவில்லை.

எட்டு. இன்னும் நடுக்கம்.
ஆறு.
அடங்கியது.

துணியால் துடைத்தபோதுதான் கண்டேன்:
குழாயைச் சுற்றி மங்கலாக ஒரு கோடு,
தம்போன்காரனின் கிளாம்பு கடித்த தழும்பு,
நுனியிலிருந்து ஐந்தாவது மில்லிமீட்டரில்.
அவனும் ஏதோ ஒரு நேர்ச்சாலையில்
இப்படித்தான் இறங்கி வந்திருக்கிறான்.
நான் ஒன்று தள்ளி நிற்கிறேன்.
அவன் என்னைவிடக் கனமாக இருந்திருக்கலாம்.
பயந்தவனாகவும் இருந்திருக்கலாம்.

கடைசியாக ஸ்பிரிங்.
முழு உடுப்போடு ஏறி உட்கார்ந்தேன்,
பூட்ஸ், கையுறை, எல்லாம்.
பாஸ்கல் குந்தி டேப் பிடித்தான்.
"முப்பத்தெட்டு."
ஒரு சுற்று இறுக்கினேன்.
"முப்பத்தாறு."
இன்னும் ஒன்று.
"முப்பத்தைந்து" என்று சொல்லி நிறுத்தினான்.
டேப்பை உள்ளே இழுக்கவிட்டான், அது சடாரென்று போனது.

"விற்கிற வண்டியை
உன் எடைக்கு ஏன் அளக்கிறோம்?"

வெளியே ஒரு திமிங்கிலம்
கியர் மாற்றிக்கொண்டு ஏறியது.
அது போய் முடியட்டும் என்று
நான் காத்திருப்பதாக நினைத்துக்கொண்டான்.