முட்டைக்கோஸின் தாடை

வூச் நகரத்தில், மூடிய நூற்பாலை ஒன்றின்
மூன்றாம் மாடியில் என் ஒலிக்கூடம்.
மாவுப் பொட்டலத்தைப் பிசைந்தால் பனியில் நடை.
தோல் கையுறையை உதறினால் புறா.
இருபது வருடமாக இந்தப் பொய்யில்தான் என் சாப்பாடு.

குத்துச்சண்டை விளையாட்டு ஒன்றுக்கு
நூற்று நாற்பது குத்துகள் கேட்டு எழுதியிருந்தார்கள்.
தாடைக்கு முப்பது, விலாவுக்கு ஐம்பது,
மீதி எல்லாம்
ஆடுகிறவன் நாற்காலியை விட்டு எழும்படி.

இந்த ஒருமுறையாவது
நிஜத்தையே பிடித்துத் தரலாம் என்று தோன்றியது.
தோன்றியிருக்கக் கூடாது.

ஸெனோன் குர்பாஸ் வந்தார்.
மிடில்வெயிட். அறுபத்தொரு போட்டி, பதினேழு வெற்றி.
மிச்சம்? என்றால்
"அது அவனவன் வீட்டுக் கணக்கு" என்பார்.
இப்போது டிராம் பணிமனையில் சக்கரம் கழுவுகிறார்.
கையில் பட்டை சுற்றும்போது மட்டும்
மகளுக்குச் சடை பின்னுகிறவரின் நிதானம்.

ஐந்து மைக். சிவப்பு விளக்கு.
பையைக் குத்தினார்.
கொக்கியில் தொங்கிய பன்றித் தொடையைக் குத்தினார்.
பிறகு, நான் தடுப்பதற்குள்,
தன் விலாவில் தானே ஒன்று.

ஈரத் துணியைக் கல்லில் வைத்த சத்தம்.
அடித்தது அல்ல,
வைத்தது.

இவ்வளவுதானா?
"இவ்வளவுதான்" என்றார், மூச்சு வந்த பிறகு.

அனுப்பினேன். மறுநாளே பதில்:
நம்பும்படி இல்லை.
போலியாக ஒலிக்கிறது.
எலும்பு வேண்டும், கொஞ்சம் இடியும்.

பவூத்தி சந்தையில் பதினொரு முட்டைக்கோஸ் வாங்கினேன்.
செலரிக் கட்டு இரண்டு, அது விலா.
ஓட்டோடு வால்நட் ஒரு கிலோ, அது பல்.
ஸெனோன் முதல் கோஸின் முன்னால்
வெகுநேரம் நின்றார்,
தோளைச் சாய்த்து, முகவாயை ஒளித்து.
"பழக்கம்" என்றார். "திருப்பி அடிக்காது, தெரியும்."

அடித்தார்.
ஒரு வீட்டின் உத்தரம் முறிந்தது போலிருந்தது.
இலைகள் மைக்கின் மேல் பறந்தன.
நிறுவனம் மூன்று ஆச்சரியக்குறியோடு எழுதியது:
இதுதான் அசல்.

போட்டுக் காட்டினேன்.
ஹெட்போனை வலது காதில் மட்டும் வைத்துக்கொண்டார்.
இடது காதில் ஷ்செச்சின் போட்டியிலிருந்து
ஒரு கெட்டில் கொதித்துக்கொண்டே இருக்கிறதாம்.
இரண்டு தடவை கேட்டார்.
"அன்றைக்கு இப்படிச் சத்தம் வந்திருந்தால்
நடுவர் ஆறாம் சுற்றிலேயே நிறுத்தியிருப்பார்."
சொல்லிவிட்டுக் கழற்றிய பட்டையைச் சுருட்டத் தொடங்கினார்.
நான் ஏதோ வயரைத் தேடினேன்.

விழுவதற்கும் ஒரு ஒலி பாக்கி.
கூட்டத்தின் இரைச்சல் மங்க வேண்டும்,
இதயம் மட்டும் பெரிதாக அடிக்க வேண்டும்.
அப்படித்தான் இருக்குமா, கேட்டேன்.
"இதயமா? அதெல்லாம் கேட்கவில்லை.
முன்வரிசையில் யாரோ பீருக்குச் சில்லறை எண்ணினான்.
ஏழு வரை வந்தான்.
நடுவர் எண்ணியது அதற்கப்புறம்தான் கேட்டது."

இதயத்தை ஒரு பழைய சோபாவில் தட்டிப் பதிவு செய்தேன்.
அதற்கடியில், யாருக்கும் சொல்லாமல்,
ஏழு நாணயம், கையிலிருந்து கைக்கு.
மிக மெல்லியதாக.

விளையாட்டு வெளியாகி ஒரு மாதம்.
கீழ்வீட்டுப் பையன் மாச்செக் ராத்திரியெல்லாம்
கோஸைக் கோஸாக உடைக்கிறான், சுவர் அதிர்கிறது.
தோற்றால் ஒரு பொத்தான்,
ஆள் மறுபடி எழுந்து கை தூக்குகிறான்.
சுவரில் காதை வைத்துப் பார்த்தேன் ஒருநாள்.
நாணயம் எட்டவில்லை.
அல்லது மாச்செக் விழுவதே இல்லை.

உடைந்த கோஸையெல்லாம் அன்றே
ஸெனோன் இரண்டு பையில் அள்ளிப் போனார்,
பிகோஸ் சமைக்க, பன்றித் தொடையையும் சேர்த்து.
அடுத்த வாரம் டிராமில் பார்த்தேன்.
எப்படி இருந்தது?
அவருடைய இடப்பக்கம் நின்றிருந்தேன் போல,
திரும்பவில்லை.
சுற்றிக்கொண்டு வலப்பக்கம் போய் மறுபடி கேட்டேன்.

"நல்ல ருசி" என்றார்.
"தாடைதான் கொஞ்சம் வேகவில்லை."