ஒரே கடை, ஒரே நாள்

ஜொஹானஸ்பர்க் பஸ்ஸின் கூரையில் ஏறி
எல்லைச் சாவடியில் ஒரு பகல் காய்ந்து
புலவாயோ வந்து சேர்ந்தவை இரண்டே ஜோடி.
ஒன்பதாம் அவென்யூ கடையில்
ஒன்றை நான் வாங்கினேன், ஒன்றை நோபுகோசி.
பெட்ரோல் பங்க்கில் நாளெல்லாம் எண்ணிய
ஊரார் டாலர்களுக்கு நடுவே
என்னுடையவை இருபத்தெட்டு.
அன்றோடு தீர்ந்தன.

பயிற்சிக்கு இது கூடாது என்று
அன்றிரவே முடிவெடுத்தேன்.
தோட்டவேலைக் கையுறை போதும், டென்னிஸ் பந்து போதும்,
அதுவும் ஞாயிறு மட்டும்.
புதியதை வந்த உறையிலேயே மடித்து
அலமாரி மேல், விருந்தாளிக் கோப்பைகளின் பக்கத்தில் வைத்தேன்.
மேட்ச் அன்று இறக்குவேன், முடிந்ததும் ஏற்றுவேன்.
பருவம் முழுக்க ஐந்து மேட்ச்.
மொத்தம் நாற்பத்தொரு ரன்.

அவளோ பேக்கரி ஷிப்ட் முடிந்து
முழங்கை வரை மாவோடு
தினமும் பள்ளி மைதானத்துக்கு வருவாள்.
காவலாளியின் மகன் மெலுலெகி பந்து போடுவான்,
கூலி, விற்காமல் மிஞ்சிய ரொட்டி.
நூறு பந்து, நூற்றைம்பது, இருட்டும் வரை.
பிறகு கையுறையை விரல் விரலாக நீவி
சைக்கிள் கைப்பிடியில் மாட்டி
ஜகரண்டா நிழலில் காற்றுக்கு விடுவாள்.
பாவம், கிறிஸ்துமஸ் தாண்டாது என்று
மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.
பெட்ரோல் பங்க் கணக்கு:
ஓடினால் குறையும், நின்றால் மிஞ்சும்.

மழையில்லாத ஜூன், ஜூலை.
உதடு வெடிக்கும் குளிர்.
அக்டோபரில் உறையைப் பிரித்தால்
சந்தையில் குவித்து விற்கும்
காய்ந்த மொப்பானே புழுக்கள் போல
பத்து விரல்கள்.
உப்புப் பூத்து, விறைத்து,
ஒவ்வொன்றும் ஒரு திசை பார்த்து.
ஐந்து மேட்ச் வியர்வை
உள்ளேயே கல்லாகியிருந்தது.

மூன்றாம் பந்தில்
உள்ளங்கைத் தோல் வெடித்த சத்தத்தை
எட்ஜ் என்று நினைத்து
ஸ்லிப்பில் நின்றவள் கத்தினாள்.
அம்பயரும் விரலைத் தூக்கிவிட்டார்.

ஆட்டம் முடிந்து பெஞ்சில்
நோபுகோசி தன்னுடையதை என் கையில் மாட்டிவிட்டாள்.
கறுத்திருந்தது. நாறியது, பொய் சொல்வானேன்.
ஆனால் நான் மடக்கிய இடமெல்லாம் மடங்கியது.
என் கிழிசலைப் புரட்டிப் பார்த்தவள் கேட்டாள்:
"மட்டையின் கழுத்தை ஏன் இப்படி நெரிக்கிறாய்?"
"பயம்."
"பந்து பட்டுவிடும் என்றா?"
"கையுறை கெட்டுவிடும் என்று."

அடுத்த ஜோடிக்குப் பணம் சேர ஜனவரி ஆனது.
அது அலமாரியைப் பார்க்கவே இல்லை.
முதல் வாரம்
கீழ்க்கைக் கட்டைவிரல் அடியில்
தோல் தேய்வது கண்ணுக்கே தெரிந்தது.
ஒரு பந்துக்கு எத்தனை சென்ட் என்று
உள்ளே மீட்டர் ஓடிக்கொண்டே இருந்தது.
மெலுலெகி வேண்டுமென்றே குட்டையாகப் போட்டான்,
ரொட்டியின் நடுத்துண்டு கேட்டு.

மீட்டர் எந்த மாலையில் நின்றது
என்று நான் குறித்துவைக்கவில்லை.
சோளக்களி கிண்டும் கட்டையை
யாராவது பல்லைக் கடித்துப் பிடிப்பார்களா?
மட்டை அப்படித்தான் கையில் இருந்தது.
மேல்கை இழுத்த வழியில்
கீழ்க்கை சும்மா கூட வந்தது.
தோல் அதற்குப் பிறகும் தேய்ந்தது,
அவசரமில்லாமல்,
அரசு அலுவலகம் வேலை செய்வதைப் போல.

ஒரு மழைக்காலம் போய்
அடுத்ததில் பாதியும் போன பிறகு
ஒரு செவ்வாய்க்கிழமை, மேட்ச்கூட இல்லை,
வெறும் தடுப்பாட்டத்தில்
வலது உள்ளங்கை பிரிந்தது.
சத்தமே இல்லை.
மெலுலெகி அடுத்த பந்துக்கு ஓடி வந்துகொண்டிருந்தான்.
அதையும் ஆடினேன்.

கிழியாத இடதை நோபுகோசி கேட்டு வாங்கிப்போனாள்.
அடுப்பிலிருந்து தட்டு இழுக்கத் தோதாக இருக்கிறதாம்.
ரொட்டியில் என் வியர்வை வாசம்
இல்லவே இல்லை என்று சத்தியம் செய்கிறாள்.
நான் இப்போது
வேறு கடையில் ரொட்டி வாங்குகிறேன்.