அடிப்பக்கம்

போன ஐப்பசி மழையில் விழுந்தது அந்த சில்வர் ஓக்,
தலை கொழுந்தன் தோட்டத்தில்,
வேர் யார் தோட்டத்தில் என்பதுதான்
பதினோரு வருஷமாய்ச் சேலம் கோர்ட்டில் நடப்பது.
தொடாதீர்கள் என்றார் என் வக்கீல்.
தொடாதீர்கள் என்றாராம் அவர் வக்கீலும்.
மரம் ஒரு வருஷம் கிடந்து காய்ந்தது.

இந்த மார்கழியில் நாகலூரே மூச்சைப் பார்த்துப் பேசியது.
இரண்டு வீட்டிலும் விறகு தீர்ந்த அன்று
யாரும் யாரையும் கூப்பிடாமல்
மரத்தடியில் நின்றோம், நானும் செபமாலையும்.
வாள் மெஷினோடு வந்த சடையன்
"நடுவுல அறுத்துத் தர்றேன்,
நடு எதுன்னு நீங்க சொல்லுங்க" என்றான்.
சொல்லவில்லை. கயிறு போட்டு அவனே அளந்தான்.
அடிப்பக்கம் எனக்கு. நுனிப்பக்கம் அவருக்கு.

பெரிய விறகில்லை இது.
காகிதம் போலப் பற்றும், காகிதம் போலவே தீரும்.
விறகென்றால் காப்பித் தூர்,
உள்ளங்கையளவு துண்டு
விடியும்வரை கண் மூடாமல் கிடக்கும்.
தைலமரம் ஒரு கோடை காயாமல் வீட்டுக்குள் வரக்கூடாது.
முருங்கையைக் கணப்பில் வைக்கிறவள்
அழ ஒரு காரணம் தேடுகிறவள்.
ஆனால் குளிர் இதையெல்லாம் கேட்டா இறங்குகிறது?

பச்சையிலேயே பிளந்திருக்க வேண்டும்.
காய்ந்த கட்டை கோடாலியைக் கவ்விக்கொண்டு
விடமாட்டேன் என்கிறது.
வெட்டுமுகத்தில் ஓடும் வெடிப்பைப் பார்த்துப் போட்டால்
தானாய்த் திறக்கும்,
கணுவில் போட்டால் என் தோள்தான் திறக்கும்.
மூன்று கட்டை திறந்தன.

நாலாவதில் மணி அடித்தது.

ஆப்பு வைத்துப் பிளந்தேன்.
உள்ளே முள்கம்பி, மூன்று இழை,
சுற்றிலும் மை கொட்டியதுபோல் மரம் கறுத்து.
எந்தக் காலத்திலோ அறைந்த ஆணியோடு
மொத்தத்தையும் விழுங்கிவிட்டு
மேலே தோல் மூடி நின்றிருக்கிறது.

ஓடை வரைக்கும் எங்கள் நிலம்,
நடுவில் வேலி என்று ஒன்று இருந்ததே இல்லை:
அவர் இருந்தபோது அவர் கையெழுத்து,
அவர் போனபின் என் கையெழுத்து.
செவ்வாய்க்கிழமை வாய்தா.

சடையன் போய்விட்டான். பார்த்தவர் இல்லை.
ராத்திரி அந்தக் கட்டையைத்தான் முதலில் வைத்தேன்.
நன்றாகவே எரிந்தது, சொல்லக்கூடாது.
கால்விரல்கள் ஒவ்வொன்றாய் எனக்குத் திரும்பி வந்தன.
ஜன்னலுக்கு அப்பால்
செபமாலை வீட்டுப் புகைபோக்கியிலும் அதே மரம்,
கம்பி இல்லாத பாதி.

விடியற்காலை சாம்பல் அள்ளப் போனால்
மூன்று இழையும் அப்படியே இருந்தன,
மரம் வளைத்த வளைவு கலையாமல்,
முள் உட்பட.
இடுக்கியால் தூக்கினேன்.
எங்கே வைப்பது என்று தெரியாமல்
கொஞ்ச நேரம்
பிடித்துக்கொண்டே நின்றேன்.