கடற்குதிரை

இரவு ஒன்பதே முக்கால், புவன விஸ்தா, ஏழாம் மாடி.
மூச்சளக்கும் கருவி மட்டும் விழித்திருக்கிறது.
கடற்குதிரை என்று அதற்குப் பெயர். யார் வைத்தார்களோ.
அதன் நெற்றியில் நூராஷிகின் ஒட்டிய மஞ்சள் சீட்டு:
'சாப்பிட்டாயா?'

தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்.
குழிக்கு இருபதாயிரம் ஈரல் செல்கள்.
யாருடைய ஈரல்? குப்பியில் பெயரில்லை,
ஆண், ஐம்பத்தெட்டு என்று மட்டும்.
அவர் போய்விட்டார்.
இவை போக மறுத்துவிட்டன.

கொடிவேலி வேரின் மஞ்சளில்
ஊசிமுனையளவு கரைத்து விட்டேன்.
காத்திருந்தேன்.

இழைமணி.
தொடக்கக்கல்லூரியில் இரண்டு மதிப்பெண்ணுக்கு
மனப்பாடம் செய்த சொல்.
அதற்குள் ஒரு சிவப்புப் புரதம் குடியிருப்பதை
அப்போது யாரும் சொல்லவில்லை.
உள்ளே இருக்கும்வரை அது சுமைகூலி,
மூச்சுக்கு மின்னணு தூக்கும்.
சுவர் விண்டு வெளியே கால்வைத்தால்
அதே கையில் சாவோலை.

திரையில் கோடு இறங்கியது.
தொண்ணூறு. அறுபத்திரண்டு. முப்பத்தொன்று.
ஆளில்லாத அறையில்
ஒரு சாவுக்குக் கைதட்டினேன்.

அப்புறம்தான் கீழ்வரிசையைப் பார்த்தேன்.
அங்கே இருப்பவை நோயில்லாத செல்கள்.
அந்தக் கோடும் இறங்கிக்கொண்டிருந்தது,
கொஞ்சம் தயங்கி,
கொஞ்சம் மரியாதையாக.
இரண்டு கோடுகளுக்கும் நடுவே ஒரு விரல்கடை வெளி.
நாலு வருடமாக
அதை அகலப்படுத்தத்தான் சம்பளம் வாங்குகிறேன்.

டாக்சியில் கெங் ஹுவா கேட்டார், என்ன வேலை என்று.
சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.
மனைவிக்குக் கணையமாம்.
பத்தாங்கிலிருந்து யாரோ வேர் கொடுத்தார்களாம்.
"செடிதானே, கெடுதல் வராது, இல்லையா?"

சிவப்பு விளக்கு.
கையுறை கிழிந்த அன்று எழுந்த கொப்புளத்தை
முன்னிருக்கைக்கு நீட்டினேன்.
இதுவும் செடிதான், அங்கிள்.
தட்டில் கொல்வது எளிது,
வெந்நீர்கூடக் கொல்லும்.
ரத்தத்தில் அந்த அளவு ஏற
எத்தனை அண்டா குடிக்க வேண்டுமோ,
குடித்தால் எது முதலில் சாகுமோ,
எனக்குத் தெரியாது.
டாக்டரிடம் அந்த வேரைக் காட்டுங்கள்.

பச்சை விழுந்தது. பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான்.
"அவள் எப்படியும் துப்பிவிடுகிறாள்," என்றார்,
"கசக்கிறதாம்."

குவீன்ஸ்டவுன் வரை வைப்பர் மட்டும் பேசியது.
இறங்கும்போது மீதிச் சில்லறையை
எண்ணாமல் என் உள்ளங்கையில் வைத்தார்,
கொப்புளத்தில் படாதபடி.

நாளை ஊசிமுனையில் பாதி.