அம்சம் அறுபத்தொன்று

ஸ்ப்ளிட் துறைமுகத்தைப் பார்த்த மூன்றாம் மாடியில்
எங்களுக்கு இரண்டு சுவர்கள்.
கிழக்கே தேவைகள்:
நானூற்றுப் பன்னிரண்டு பக்கம்,
கப்பல் நிறுவனத்தின் முத்திரையோடு.
மேற்கே வடிவமைப்பு:
பெட்டிகள், அம்புகள், மேலும் பெட்டிகள்.
இடையில்
எட்டு மாதமும் ஒரு காபி இயந்திரமும்.

'வாகனம்' என்ற பெட்டி என்னுடையது.
'வரிசை' யெர்கோவுடையது.
அவன் நிரலில் நான் கைவைத்ததில்லை,
என்னுடையதில் அவனும்.
வேலி தாண்டாத நல்ல அண்டை வீட்டார்;
அதாவது, பேச்சுவார்த்தை கிடையாது.

மார்ச்சில் நெவென்கா வந்தாள்.
உள்ளங்கை அளவு அட்டைகளை மேசையில் கொட்டினாள்.
'ஓர் அட்டைக்கு ஒரு வரி.
பயன்படுத்துகிறவர் படித்துத் தலையாட்ட வேண்டும்.
இரண்டு வாரத்தில் முடியாதென்றால்
அட்டையை இரண்டாகக் கிழி.'

லாரியின் நீளத்துக்குக் கட்டணம் கணக்கிடு.
யூகோ காற்று வலுத்தால் பயணத்தை ரத்துசெய்.
எல்லா வரியும் ஒரு வினையில் போய் நின்றது.
நானூறு பக்கத்தில்
ஒருவரும் எதுவும் செய்யவில்லை என்பது
அப்போதுதான் உறைத்தது.

அறுபது அட்டைகளோடு கீழே இறங்கினோம்.
வண்டிகளை விசிலால் கப்பலேற்றும் தின்கோ
சீட்டாட்டம்போல் அவற்றை விரித்துப் பார்த்தான்.
'சவ வண்டி எங்கே?'

இல்லை.

'லாஸ்தோவோக்காரன் இங்கே ஆஸ்பத்திரியில் செத்தால்
நீந்தியா போவான்?
இடமில்லையென்றால் ஒரு காரை இறக்கிவிட்டு
அவனை ஏற்றுவேன். அதற்கு மட்டும்
விசில் ஊத மாட்டேன்.
கை காட்டினால் போதும்.'

அறுபத்தொன்று:
சவ வண்டி வந்தால் வரிசையை விலக்கி முதலில் ஏற்று.

இந்த வரி என் பெட்டியையும் தொட்டது,
யெர்கோவின் பெட்டியையும்.
நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தான்.
சவ வண்டி ஒரு வாகன வகையா,
வரிசையின் விதிவிலக்கா?
மூன்று நாள் சண்டை.
எட்டு மாதத்துக்கும் சேர்த்து.

நான்காம் நாள் அவன் கேட்டான்:
'அதே வண்டி தீவிலிருந்து திரும்பி வரும்போது?'

ஓடினோம் தின்கோவிடம்.
'காலி வண்டிதானே. காத்திருக்கட்டும்.
ஓட்டுநர் உயிரோடுதான் இருக்கிறான்.'

ஆக, வகை இல்லை. உள்ளே இருப்பதுதான்.
உள்ளே இருப்பது பயணி என்றால் டிக்கெட் கேட்கும்,
சரக்கு என்றால் எடை கேட்கும்.
நெவென்கா இரண்டையும் அடித்தாள்.
மூன்றாவதாக ஒரு மதிப்பு வைத்தோம்;
அது எதையும் கேட்காது.

ஜூன் மாதச் சனிக்கிழமை,
திரையில் ஒரு வரி
ஏழாம் இடத்திலிருந்து முதலிடத்துக்கு ஏறியது.
ஜன்னலுக்குப் போனேன்.
விசில் தின்கோவின் மார்பில் தொங்க
கை மட்டும் மெல்ல உயர்ந்தது.

யெர்கோ நாற்காலியை இன்னும் திரும்ப எடுத்துப் போகவில்லை.
நேற்று வந்த அட்டை:
தேனீப் பெட்டி லாரியைக் கடைசியில் ஏற்றி முதலில் இறக்கு.
இதற்குத் துன்யாவின் 'கப்பல்தளம்' வேண்டும்.

இன்னொரு நாற்காலி தேடிக்கொண்டிருக்கிறோம்.